யாரு முதல்ல, சிஸ்டர்?

சென்ற மாதம் சாந்தி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது வார்டிலேயே இளையவள் அவள்தான். இப்போது செவிலியர் கண்காணிப்பாளர். கைப்பையிலிருந்து சில பட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை. அவசரப் பிரிவுக்குள் வருகிறவரின் மணிக்கட்டில் கட்டுவதாம்.

"இப்ப ஈசிக்கா. நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் தட்டிவுட்டா கம்ப்யூட்டரே கலர் சொல்லிடுது. சேப்பு முன்னாடி, பச்ச பின்னாடி. உங்க காலத்துல இன்னா பண்ணீங்க?"

"முழங்காலைத் தொட்டுப் பாத்தோம்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, செவிலியர் நாள் மலருக்கு அதை எழுதித் தாருங்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன். பட்டைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவை அன்று எங்களிடம் இருந்திருந்தால் இன்னும் சில பேர் பிழைத்திருப்பார்கள்.

கடலூரில் பயிற்சி. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைக்க, விரிப்பின் மூலையை மடிக்க, மருந்தின் அளவைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தார்கள். நாடி பிடிக்கும்போது கடிகாரத்தைப் பார் என்றார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் வேலைக்கு வந்தபிறகு, கடிகாரத்தைப் பார்த்து முடித்ததும் முகத்தையும் பார்க்க நானாகப் பழகிக்கொண்டேன்.

இன்னொரு பயிற்சி வீட்டில் நடந்தது. என் கணவர் ஒரு நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளர். சாயங்காலம் நான் வேலைக் கதையைத் தொடங்கி, "பயங்கரமா ரத்தம் போச்சு" என்றால், "பயங்கரம்னா எவ்ளோ? சொம்பா, குடமா?" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் டாக்டரிடம் பேசும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் இளங்கோவன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் சிறியவர். நெடுநெடுவென்று வளர்ந்தவர்; வாசலில் குனிந்துதான் நுழைவார். நுழைந்ததும் உள்ளே பாய மாட்டார். நிலைப்படியிலேயே நின்று, சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக முழங்கைக்கு மேல் ஏற்றுவார். மடித்துக்கொண்டே கேட்பார்: "யாரு முதல்ல, சிஸ்டர்?"

சின்னசேலம், தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, கல்வராயன் மலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலான நாட்களில் டாக்டர் அவர் ஒருவர்தான். நான் ஓர் இடத்தைக் காட்டுவேன். நேராக அங்கே போவார். வழியில் யாராவது கையைப் பிடித்தால், "வர்றேம்மா" என்று சொல்லி மெல்ல விடுவித்துக்கொள்வார். ஏன் இவர் என்று அப்போது கேட்க மாட்டார். பார்த்து முடித்து, குழாயடியில் கை கழுவும்போதுதான் கேட்பார்: "எதை வச்சுச் சொன்னீங்க?" அதில் சோதிக்கும் தொனி இருக்காது. அவருக்கு அது தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அந்த முதல் கேள்வி எனக்குக் கடைசிவரை பழகவில்லை. ஒருவரைக் காட்டுவது மற்ற எல்லோரையும் காத்திருக்கச் சொல்வது. காத்திருக்கிறவர்களின் கண்கள் நம்மீதே இருக்கும்.

டாக்டர் வருவதற்குமுன் நான் ஒரு சுற்று வருவேன். முதலில் கால்விரல், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் என்று தொட்டுப் பார்ப்பேன். காலைத் தொட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் பதறுவார்கள். "அய்ய, இன்னா சிஸ்டர் கால போய்த் தொட்டுகினு" என்று இழுத்துக்கொள்வார்கள். வயலிலும் மலையிலும் செருப்பில்லாமல் நடந்த கால்களின் விரல்கள் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அவற்றை நம்ப முடியாது. முழங்காலை நம்பலாம். உடம்புக்குள் ரத்தம் குறையும்போது, உடம்பு தானே ஒரு வரிசை போடுகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் கொடுப்பதற்காக முதலில் விரல்களை விட்டுக்கொடுக்கும். அடுத்தது பாதம். அப்புறம் முழங்கால். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஆளுக்கே தெரியாமல், உள்ளே ஒன்று நின்று "யாரு முதல்ல" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

முன்னால் பார்த்தால் பிழைத்துவிடுவார்கள் என்றும் இல்லை. ஒருமுறை லாரி டிரைவர் ஒருவர் வந்தார். உளுந்தூர்பேட்டைக் கடை ஒன்றில் பரோட்டா தின்றதிலிருந்து நெஞ்சு எரிகிறதாம். பெஞ்சு முழுவதையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னா சிஸ்டர், வாயு. ஒரு சோடா ஊத்தினா எறங்கிடும். அதோ அந்த ஆயா கத்திகினே கீது, அத்த மொதல்ல பாருங்க." தலைக்குமேல் மின்விசிறி ஓடியது. ஆனால் அவருடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. முழங்கால் சில்லிட்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவரையே டாக்டரிடம் காட்டினேன். மாரடைப்பு. எல்லாம் செய்து பார்த்தோம். மதியத்துக்குள் போய்விட்டார்.

அன்று குழாயடியில் டாக்டர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நிலைப்படியில் நின்று, சட்டைக் கையை மடித்தபடி, வழக்கம்போலவே கேட்டார்: "யாரு முதல்ல, சிஸ்டர்?" அவர் கேட்காமல் உள்ளே போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

இனி சாந்தி கேட்ட கதை.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த நாட்கள் அவை. சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கு எட்டியவரை நின்றன. பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. மறியலில் இருந்தவர்கள் வேற்றாட்கள் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகளும் போயிருந்தார்கள். அவர்களுடைய காரணம் அவர்களுக்குப் பெரிது. அதை எடைபோடுவது என் வேலை அல்ல. என் வேலையில் அதன் பொருள் இதுதான்: வெளியூரிலிருந்து வரவேண்டிய ஊழியர்கள் வரவில்லை, முடியாத கேசைச் சேலத்துக்கு அனுப்ப வழியில்லை. வருகிறவர்கள் எங்களிடமே பிழைக்க வேண்டும், அல்லது எங்களிடமே போக வேண்டும்.

வெயில் ஏறிய நேரம். டாக்டர் உள்ளே ஒரு பிரசவத்தை முடித்துக்கொண்டிருந்தார். வாசலில் பெரிய சத்தம். எலவனாசூர்கோட்டைப் பக்கத்து ஆட்கள் ஒருவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பெயர் ஏழுமலை. மரம் வெட்டும்போது கிளை முறிந்து தலையில் விழுந்திருக்கிறது. உச்சியில் தோல் பிளந்து, முகம், சட்டை, வேட்டி எல்லாம் சிவப்பு.

"தள்ளு தள்ளு! சிஸ்டர், டாக்டர் எங்க? ஆளு பூட்டான்னே நெனச்சோம்!" என்று கத்தியவர் ஏழுமலையின் மச்சான் ராஜாமணி.

"யாருடா பூட்டது? வாய கழுவுடா! நெல்லு மூட்டையாடா நானு, இப்டி ஆட்டிகினு தூக்கியார?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

அந்த மரத்தைத் திட்டினார். கோடாலி போட்டவனைத் திட்டினார். தூக்கி வந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினார். நான் கண்மணிகளைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு. கை கால் அசைந்தன. நாடி நன்றாக அடித்தது. முழங்கால் வெதுவெதுப்பாக இருந்தது. தலைத் தோல் கிழிந்தால் ரத்தம் கொட்டும். பார்க்கிறவர்களுக்கு உயிரே போகும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

அப்போதுதான் வராந்தாவின் கடைசித் தூணருகில் இருந்தவர்களைப் பார்த்தேன். எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை. ஒரு பெண் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சேலை, ஒரு கறை இல்லை. தலை படிய வாரியிருந்தது. நெற்றியில் குங்குமம் அப்போதுதான் வைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் அவள் மாமியார், மடியில் பச்சைக் குழந்தை. கணவன் சற்றுத் தள்ளி, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர். பெண்ணின் பெயர் அலமேலு, கணவன் சடையன்.

"விடிகாலத்துல பொறந்துச்சுங்க, ஆம்பளப்புள்ள. அப்புறம் மயக்கமா வருதுன்னு சொல்லிகினே இருந்துச்சு. அதான் ஜீப்புல ஏத்தியாந்தோம்" என்றாள் மாமியார்.

"நஞ்சுக்கொடி வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சுங்க. கொஞ்சம் பிஞ்சி பிஞ்சி வந்துச்சு."

"ரத்தம் ஜாஸ்தி போச்சா?"

"இல்லீங்க. எப்பவும் போறதுதாங்க."

அலமேலு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க." சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். உடனே இன்னொரு கொட்டாவி. விரல்கள் தாலிக்கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தன. கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. நாடி நூல்போல ஓடியது. முழங்காலைத் தொட்டேன். கிணற்றுக் கல்லைத் தொட்டது போலிருந்தது.

நான் எழுந்து நிற்கவும் டாக்டர் வெளியே வரவும் சரியாக இருந்தது. நிலைப்படியில் நின்றார். ஒரு பக்கம் ரத்தத்தில் நனைந்த ஆளும் கூட்டமும் கூச்சலும். இன்னொரு பக்கம் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கும் பெண். அவர் பார்வை இரண்டையும் தொட்டு என்னிடம் வந்தது.

"யாரு முதல்ல, சிஸ்டர்?"

"தூண்கிட்ட இருக்கற அம்மா."

ராஜாமணி குறுக்கே வந்து நின்றார். "இன்னா சிஸ்டர் அநியாயம் இது? அது நல்லா குந்திகினு கீது. சீவி சிங்காரிச்சிகினு வந்துகீது! எங்காளு மண்ட பொளந்து கெடக்கறான், கண்ணு தெரியல?"

கூட்டம் நெருங்கியது. டாக்டர் ராஜாமணியின் தோளைத் தொட்டு, "வர்றேன்" என்றார். அவ்வளவுதான். நேராகத் தூணை நோக்கிப் போய், அலமேலுவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் துணியை மடித்து ஏழுமலையின் காயத்தில் வைத்து, ராஜாமணியின் கையை இழுத்து அதன்மேல் அழுத்தினேன். "இப்டியே புடிச்சிக்குங்க. எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. உங்காளு திட்றாரு இல்ல?"

"பொறந்ததுலேர்ந்து அதாங்க வேல அவனுக்கு."

"திட்ற வரைக்கும் பயமில்ல. பேச்சு குடுத்துகினே இருங்க. திட்றத நிறுத்துனா மட்டும் உடனே என்னைக் கூப்புடுங்க."

உள்ளே, அலமேலுவின் வயிற்றில் பழைய சேலையைக் கிழித்து இறுக்கமாகக் கட்டியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு இறங்க அப்படிக் கட்டுவது வழக்கம். அதை அவிழ்த்ததும் உள்ளே தேங்கியிருந்த ரத்தம் மேசை விளிம்பிலிருந்து தரையில் ஒழுகியது. கர்ப்பப்பை பிசைந்த மாவுபோலத் தொளதொளத்திருந்தது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம்தான் சொன்னாள்: கோமுகி அணைக்குக் கீழே, வாய்க்காலோரம் வண்டியை நிறுத்தி, அவளைத் துடைத்து, சேலை மாற்றி, தலை வாரி, பொட்டு வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"அழுக்கோட எறங்கினா கீழ்நாட்டுல மூஞ்ச சுளிப்பாங்கம்மா. எப்பவும் நாங்க துணி மாத்திகினுதான் ஊருக்குள்ள வருவோம்."

மாற்றிய துணி எங்கே என்று கேட்டேன். ஒரு மூட்டையைக் காட்டினாள். சேலைகள், ஒரு கம்பளி. தூக்கிப் பார்த்தேன். ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது. போன ரத்தத்துக்கு எனக்கு வேண்டிய அளவு அதுதான். டாக்டரிடம் சொன்னேன். தலையசைத்தார்.

தங்கிப்போன நஞ்சின் துண்டைக் கையாலேயே எடுத்தார். பிறகு ஒரு கையை உள்ளே முஷ்டியாக வைத்து, மறு கையை வயிற்றின்மேல் வைத்து, கர்ப்பப்பையை இரண்டுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார். நான் கர்ப்பப்பை இறுகுவதற்கான ஊசி போட்டேன். ஒட்டிப்போன நரம்பைத் தேடிப் பிடித்து சலைன் ஏற்றினேன். அவர் நகரவில்லை. உயரமான மனிதர் அந்தக் குட்டை மேசைமேல் வளைந்து நின்றார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கைகள் மட்டும் கல்லில் வடித்ததுபோல் இருந்தன. கையை எடுத்தால் அவள் இல்லை.

"ரத்தம் வேணும், சிஸ்டர்."

லேப்காரர் பார்த்தார். சடையனின் ரத்தம் சேரவில்லை. நான் வராந்தாவுக்கு வந்து கேட்டேன். அத்தனை சத்தம் போட்ட கூட்டம் பின்னால் நகர்ந்தது. ரத்தம் கொடுத்தால் ஆண்மகன் காலத்துக்கும் எழுந்திருக்க மாட்டான் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் இருந்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏன்டா, மரம் வெட்ற வீரமெல்லாம் எங்கடா போச்சு? ஊசின்னதும் உச்சா வருதா? சிஸ்டர், என் மண்டையிலேர்ந்து போறத புடிச்சிகினு போங்க. சும்மாதான வீணா போவுது."

யாரோ சிரித்தார்கள். நான்கைந்து பேர் முன்னால் வந்தார்கள். லேப்காரரிடம் ராஜாமணியும் ஒரு விரலை நீட்டினார். சேர்ந்தது அவருடைய ரத்தம்.

"நான் போனா இத்த யாரு புடிக்கிறது?" என்றார் ராஜாமணி, மச்சான் தலைமேல் வைத்த கையை எடுக்காமல்.

தூணருகில் நின்றிருந்த சடையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கையை நீட்டினான். ராஜாமணி அவன் கையை எடுத்துத் துணியின்மேல் வைத்தார். "அமுக்கிப் புடி. எடுத்துப் பாக்காத. திட்றத நிறுத்துனான்னா சிஸ்டரக் கூப்டு."

ராஜாமணியின் ரத்தம் அலமேலுவின் நரம்பில் இறங்கத் தொடங்கியது. நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வராந்தாவிலிருந்து சடையனின் குரல். அதுவரை அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அம்மா! அம்மா! இவரு திட்றத நிறுத்திட்டாருங்க!"

தலைக் காயத்தில் பேச்சு நிற்பது என்றால் உள்ளே ரத்தம் கட்டுகிறதோ என்று பயப்பட வேண்டும். டாக்டர் தலையைத் திருப்பாமல் கேட்டார்: "யாரு முதல்ல?"

பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை உள்ளே இருந்தது. "அவரு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடும்போதுதான் ஒன்று உறைத்தது. என்னைக் கூப்பிட்டவனின் பெண்டாட்டி இந்த அறையில்தான் கிடக்கிறாள். அது அவனுக்குத் தெரியும்.

ஏழுமலை கண்ணை மூடியிருந்தார். இமையைத் தூக்கினேன். கண்மணி சரியாகச் சுருங்கியது. நாடி சரி. "என்னைத் தெரியுதா?" என்றேன்.

கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல, சிஸ்டர்."

"பின்ன ஏன் பேசாம இருக்கீங்க?"

கண்ணை மறுபடி மூடிக்கொண்டார். சடையன்தான் சொன்னான். "எந்த வழியா வந்தீங்கன்னு கேட்டாருங்க. கச்சிராயபாளையத்துக்கு இந்தாண்ட ஜீப்பு நின்னுடுச்சு, மரம் குறுக்க கெடந்துச்சு, கையில தூக்கிகினு தாண்டினோம், அப்புறம் மாட்டுவண்டின்னு சொன்னேன். அதுலேர்ந்து பேசலீங்க."

கச்சிராயபாளையத்து மரம் ஏழுமலை வெட்டியது அல்ல. அவர் வெட்டியது வேறு சாலையில். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. சடையனின் கை அந்தத் தலையை விட்டு அசையாமல் இருந்தது.

"அந்தம்மா எப்டி கீது?" என்றார் ஏழுமலை, மெதுவாக.

"பாத்துகினு இருக்கோம்."

திரும்பி உள்ளே வந்தேன். டாக்டர் கண்ணாலேயே கேட்டார். "பயமில்ல" என்றேன். "எதை வச்சுச் சொல்றீங்க?" என்றார். குழாயடி வரை பொறுக்காமல் அவர் கேட்டது அன்று ஒருநாள்தான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்மணியைச் சொன்னேன், நாடியைச் சொன்னேன்.

இரண்டாவது சலைன் பாட்டிலும் பாதி இறங்கியபிறகு அவர், "இங்க கை வைங்க" என்றார். அலமேலுவின் வயிற்றில் கை வைத்தேன். சற்றுமுன் மாவாகக் கிடந்தது என் கைக்கடியில் மெல்லத் திரண்டது. உருண்டது. தேங்காய்போல இறுகி நின்றது. அந்த வேலையை எத்தனையோ முறை பார்த்தவள்தான் நான். அன்று நாங்கள் இருவரும் ஏதோ சன்னிதியில் நிற்பதுபோல் நின்றோம். பிறகு அவர் கையை எடுத்தார்.

எடுத்த கையை மடக்கி நீட்ட முடியவில்லை. ஏழுமலையின் கட்டிலுக்கு வந்தவர், "கை மரத்துப்போச்சு. கொஞ்சம் பொறுத்துத் தையல் போடலாமா?" என்று கேட்டார்.

"மெதுவா வாங்க சார். நான் எங்கயும் போறதா இல்ல" என்றார் ஏழுமலை. பிறகு, "ரோடும் இல்ல" என்றார்.

மறுநாள் நாளிதழில் மறியல் செய்தி பெரிதாக வந்தது. எலவனாசூர்கோட்டை அருகே மரம் விழுந்து ஒருவர் காயம் என்று ஒரு வரி. அலமேலு இல்லை. என் கணவரிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் பொழைச்சிட்டாங்க. ஒண்ணும் நடக்கலயே, இன்னாத்த எழுதறது?" என்றார். அவர் சொன்னது அவர் தொழிலில் சரி. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் நாங்கள் அத்தனையும் செய்தோம்.

சாலைகள் திறந்தபின் அலமேலு ஊருக்குக் கிளம்பினாள். மாமியார் அவளைக் குளிக்கவைத்து, துவைத்த அதே மஞ்சள் சேலையைக் கட்டி, தலை வாரி, பொட்டு வைத்துவிட்டாள். பிள்ளையோடு அதே தூணில் சாய்ந்து ஜீப்புக்காகக் காத்திருந்தாள். அன்று பார்த்த அதே பெண், அதே கோலம். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் போய்க் குனிந்து அவள் முழங்காலில் கை வைத்தேன்.

"அய்ய, கால தொடாதீங்கம்மா" என்று கூச்சத்தோடு இழுத்துக்கொண்டாள்.

சூடாக இருந்தது.